மடங்காத கத்தி

ஜனவரி 5, திங்கள்

மேடைக் கலைஞர் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழ் இன்று தபாலில் வந்தது. பிப்ரவரி எட்டாம் தேதி, விருதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில். வழவழப்பான தாள், நான்கு வண்ணம். மூன்றாம் பக்கத்தில் "மாயாஜாலம்" என்று தலைப்பு. அதற்குக் கீழே, தொப்பிக்குள்ளிருந்து புறா எடுக்கிறவனுக்கும் கைக்குட்டையை நிறம் மாற்றுகிறவனுக்கும் நடுவில் என் பெயர்: "மூத்த கலைஞர் கருத்தையா, குருவருளால் கத்தி விழுங்கும் தந்திரம்."

ஒரே வரியில் இரண்டு பொய். எனக்குக் குருவும் கிடையாது, தந்திரமும் கிடையாது.

செயலாளர் ஜெயசிங்குக்குப் போன் போட்டேன். நான் மேடையை விட்டு இறங்கிய பிறகு சங்கத்துக்கு வந்தவன்.

"ஐயா, பாட்டு, ஆட்டம், மிமிக்ரி, மாயாஜாலம்னு நாலு பிரிவுதான் இருக்கு. நீங்க எதுல வருவீங்க?"

"எதுலயும் வரமாட்டேன். தனியாப் போடு."

"நான் என்னய்யா செய்ய? தலைவர்தான் சொன்னாரு. அது மடக்குக் கத்திதானே, நம்ம பிரிவுலயே போட்டுருன்னாரு."

தலைவர் என்றால் சுந்தரவேலு. புரொபசர் சுந்தரவேலு என்று போட்டுக்கொள்வான். எந்தக் கல்லூரியில் என்று பல தடவை கேட்டாயிற்று. ஆளைப் பெட்டிக்குள் படுக்க வைத்து ரம்பத்தால் அறுக்கிறவன். எத்தனையோ பொருட்காட்சிகளில் அவன் கொட்டகையும் என் கொட்டகையும் ஒட்டி ஒட்டி நின்றிருக்கின்றன. அவனுக்கா தெரியாது?

மடக்குக் கத்தி ஏமாற்றுச் சாமான். தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். வாயில் வைத்து அழுத்தினால் எல்லாம் கைப்பிடிக்குள் போய்விடும். பார்க்கிறவனுக்குத் தொண்டைக்குள் போனது போலத் தெரியும். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மத்தியானம் சோறு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. ரேஷன் அரிசி, கல் மாதிரி. சீனியம்மாளைச் சத்தம் போட்டேன். "இது கடையில வாங்குன பொன்னி. நீங்கதான் வாங்கிட்டு வந்தீக" என்றாள். கல்யாணம் ஆன நாள் முதல் அவளிடம் பதில் இல்லாமல் போனதில்லை.

ஜனவரி 7, புதன்

குருவருள் என்று அச்சடித்ததை நினைத்தால் இன்னும் பொறுக்கவில்லை. உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

பத்தொன்பது வயதில் மதுரையில் ஒரு குடை ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். சித்திரைப் பொருட்காட்சியில் வடநாட்டுக்காரன் ஒருவன் கத்தியை இறக்குவதைப் பார்த்தேன். சொல்லித் தா என்று சைகையில் கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவன் எனக்குத் தந்தது.

முதலில் விரல். அடிநாக்கைத் தொட்டதும் குமட்டும், குடலே வெளியே வரும் போலிருக்கும். மறுபடி தொட வேண்டும். இது என் விரல்தான், எதிரி இல்லை என்று தொண்டை ஒப்புக்கொள்கிற வரைக்கும் மாதக்கணக்கில். பிறகு கரண்டிக் காம்பு. பிறகு குடைக் கம்பி, நுனியைச் சுருட்டி உருண்டையாக்கி, தண்ணீரில் கொதிக்க வைத்து. கத்திக்கு வந்து சேர மூன்று வருஷம். இரண்டு தடவை ரத்தம் கக்கினேன். கடை முதலாளி காசநோய் என்று நினைத்து என்னைத் தள்ளிப் படுக்கச் சொன்னார்.

கத்தி விழுங்குகிறவன் என்கிறார்கள். விழுங்கினால் செத்தோம். சோற்றை விழுங்கும்போது உணவுக்குழல் இறுகி இறுகிக் கீழே தள்ளும். கத்தி உள்ளே இருக்கும்போது அப்படி இறுகினால் குழல் தானே போய்க் கத்தியில் கிழியும். ஆகவே விழுங்காமல் இருக்கப் பழக வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, வாயிலிருந்து இரைப்பை வரை ஒரே கோடாக்கி, மூச்சை அடக்கி, கத்தியை அதன் கனத்திலேயே இறங்க விட வேண்டும். உள்ளே இரண்டு வாசல். ஒன்று தொண்டைக்குக் கீழே, மற்றது இரைப்பைக்கு மேலே. நடுவில் இதயத்தை உரசிக்கொண்டு போகும். கைப்பிடியைத் தாங்கும் விரலுக்கு இதயம் அடிப்பது தெரியும். எந்தத் தந்திரக்காரனுக்கு அது தெரியும்?

தள்ளக் கூடாது. இது ஒன்றுதான் சட்டம். வாசல் திறக்காவிட்டால் உருவிவிட வேண்டும். அவமானத்துக்குப் பயந்து தள்ளியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் இன்று இல்லை.

ஜனவரி 10, சனி

இட்லியும் நெஞ்சில் நிற்கிறது. உளுந்து மட்டம். கடைக்காரனைக் கேட்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

சுந்தரவேலுவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பிடித்தேன்.

"என்னப்பா புரொபசர், என் கத்தி மடங்கும்னு சொன்னியாமே?"

"அண்ணே, கோவிச்சுக்காதீக. எந்தப் பிரிவுன்னு பையன் கேட்டான். நம்ம பிரிவுன்னா கடைசியா உங்களை ஏத்தலாமேன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். ஒரு மரியாதைக்குத்தான்."

"மடங்குமா, மடங்காதா?"

"மடங்காது."

"அதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

டீக்கடையில் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருவன், "பெருசு, இவரு சொல்லி என்ன ஆகப்போகுது? விழாவுல இறக்கிக் காட்டும். நாங்களே சொல்றோம்" என்றான்.

"காட்டுறேன்யா" என்றேன். "கத்தியை உன் கையிலயே குடுத்துட்டு இறக்குறேன். வந்து பாரு."

சுந்தரவேலு என் கையைப் பிடித்தான். "அண்ணே, வேணாம். நீங்க கத்தியைக் கீழ வச்சு ஆறு வருஷமாச்சு. நான் வேற அழைப்பிதழ் அடிச்சுத் தர்றேன்."

"கையை எடு."

"சரி, டீயையாவது குடிங்க. ஆறி ஆடை கட்டிருச்சு."

டீ மிகவும் சூடு. பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சர்க்கரைப் பொங்கலைப் பாலில் கரைத்துக் குடித்தேன்.

டெய்லர் ஏமாற்றிவிட்டான். அளவுக்குப் பழைய சட்டை கொடுத்தும் புதுச் சட்டை தோளிலிருந்து தொங்குகிறது. பெல்ட்டும் இழுபட்டுவிட்டது, இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது. சீனியம்மாள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா?" என்றாள். டெய்லர் செய்த தப்புக்கு நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

ஜனவரி 18, ஞாயிறு

பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தோம். எவர்சில்வர் தகடு. முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டும் நீளம். விளிம்பு காகிதத்தை வெட்டாது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நுனி நுனிதான். நாற்பது வருஷத்தில் ஒரு பொட்டுத் துரு ஏறியதில்லை.

எங்கள் முறை எப்போதும் ஒன்றுதான். சீனியம்மாள் கத்தியைச் சபைக்குக் கொண்டுபோவாள். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம், வளைக்கலாம், தரையில் தட்டலாம். திரும்பி வந்ததும் கழுவித் தருவாள். நான் இறக்கி, உருவி, அவளிடம் கொடுப்பேன். அவள் வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை விரித்துச் சபைக்குக் காட்டுவாள். துணி வெள்ளையாகவே இருக்கும். அதற்குத்தான் கைதட்டு. கத்திக்கு அல்ல.

இன்று வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தேன். ஆறு வருஷம் கழித்தும் மேல் வாசல் மறக்கவில்லை, தொட்டதும் திறந்தது. இதயத்தையும் தாண்டியது. அதற்குக் கொஞ்சம் கீழே போய் நின்றுவிட்டது. உருவிவிட்டேன்.

"என்ன?" என்றாள்.

"கத்தி வளைஞ்சிருக்கு" என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இருளப்பன் பட்டறைக்குக் கத்தியைக் கொண்டுபோனேன். அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிற கொல்லன். கத்தியைக் கண்ணருகே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கண்ணாடி மேஜை மேல் படுக்க வைத்து, அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"நேரா இருக்குண்ணே. நூல் பிடிச்ச மாதிரி."

"நல்லாப் பாரு. நடுவுக்குக் கீழ ஒரு வளைவு இருக்கு."

"இல்லாத வளைவை எப்படி நிமித்த? நிமித்துனா வளைஞ்சிரும்."

இவனெல்லாம் ஒரு கொல்லன். கூலி கேட்காததிலிருந்தே வேலை தெரியாது என்று விளங்கவில்லையா?

ஜனவரி 25, ஞாயிறு

மறுபடி பார்த்தேன். அதே இடம். மேலே எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி போகிறது. அந்த ஒரு இடத்தில் கதவுக்குப் பின்னால் யாரோ நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல.

கத்தியை அவளிடம் கொடுத்தேன். துடைத்தாள். துணியை விரிக்காமல் அப்படியே மடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். போய்ப் பார்த்தால் சோப்பு போட்டுக் கசக்கிக்கொண்டிருக்கிறாள்.

"துரு" என்றேன்.

"ஆமா. இத்தனை வருஷமாப் பிடிக்காத துரு" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் எந்நேரமும் மிளகாய் வறுக்கிறார்கள். இருமல் நிற்கவில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

ஜனவரி 29, வியாழன்

இப்படி ஒரு அவமானம் என் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நினைக்கவில்லை.

சுந்தரவேலு வந்தான். கையில் ஆப்பிளும், துணியில் சுற்றிய ஒரு பொட்டலமும். ஆப்பிளை நான் எப்படித் தின்பது? யோசித்து வாங்க வேண்டாமா?

"மதினி, ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்றான். அவள் தண்ணீரோடு வந்தாள். உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள். அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, தப்பு என்னுது. மேடையில ஏறி நானே சொல்றேன். மடக்குக் கத்தி இல்ல, மெய்யான கத்தின்னு மைக்கைப் பிடிச்சு சொல்லிடுறேன். நீங்க சால்வையை வாங்கிட்டு உக்காந்திருங்க. போதும்."

"நீ சொல்லி என்னத்துக்கு? நீ ஆளை அறுத்துட்டு, பெறவு முழுசா எந்திரிச்சுக் காட்டுறவன். உன் பேச்சை யாரு நம்புவா? காட்டுறேன்னு சொல்லியாச்சு, காட்டுவேன்."

அவன் சீனியம்மாளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் பொட்டலத்தைப் பிரித்தான்.

என் கத்தி. அதே நீளம், அதே பித்தளைக் கைப்பிடி, அதே பூ வேலை. நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். தகடு சத்தமில்லாமல் கைப்பிடிக்குள் போனது.

"சபையில மெய்க் கத்தியைக் குடுங்க. எல்லாரும் பாக்கட்டும். மதினி கழுவக் கொண்டுபோறப்ப மாத்திக் குடுத்துருவாக. ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும்ணே. அடுத்த நாளே ஆஸ்பத்திரி. நானே கார் பிடிச்சுட்டு வாறேன்."

"ஆஸ்பத்திரியா? யாருக்கு?"

அந்தச் சாமானை அவன் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"கைப்பிடி அளவு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நான்தான் அளந்து குடுத்தேன்" என்றாள் சீனியம்மாள். "போய்ச் சொன்னதும் நான்தான். சோறு இறங்காத தொண்டையில கத்தி இறக்கப் போறீகன்னு சொன்னேன். இதுல என்ன பொய்?"

"நாப்பது வருஷம் வெள்ளைத் துணியை விரிச்சுக் காட்டுனவ நீ. உன் கையால எனக்குப் பொய்க் கத்தியைத் தருவியா?"

"தருவேன்" என்றாள். "ஆயிரம் தருவேன்."

சுந்தரவேலுவை வெளியே போகச் சொன்னேன். போனான். பொட்டலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நான்கு நாளாக வீட்டில் பேச்சு இல்லை. கஞ்சித் தண்ணீரை டம்ளரில் வைத்துவிட்டுப் போகிறாள். நானும் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுகிறேன்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் அந்தச் சாமானை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு மட்டமான வேலை என்று பார்க்கத்தான். வாயில் வைத்தேன். இறங்கியது. கடைசி வரைக்கும், கைப்பிடி உதட்டில் இடிக்கிற வரைக்கும். நாக்குக்கு எண்ணெய் நாற்றம். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இதயம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அசல் மாதிரியே இருந்தது. அதுதான் தாங்கவில்லை. எண்ணெய் நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

தண்ணீரும் இன்று கொஞ்சம் திரும்பி வந்தது. நகராட்சிக் குழாயில் என்னத்தைக் கலக்கிறார்களோ.

பிப்ரவரி 8, ஞாயிறு

திரும்பி வந்ததும் எழுதுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

காலையில் சீனியம்மாள் துணி மூட்டையைக் கட்டினாள். இரண்டு கத்தியையும் வைத்துக் கட்டினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. சாப்பாடு உண்டு என்று போட்டிருந்தார்கள். ஜெயசிங் மைக்கில், "அடுத்து நமது மாயாஜாலப் பிரிவில்" என்று ஆரம்பித்தான். மைக்கை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

"இது மாயாஜாலம் இல்ல. எனக்குக் குரு இல்ல. இது கத்தி. வாங்கிப் பாருங்க."

சீனியம்மாள் கத்தியைச் சபைக்குக் கொண்டுபோனாள். வளைத்தார்கள், தட்டினார்கள், நுனியை அழுத்திப் பார்த்து ஒருவன் விரலை உதறினான். டீக்கடை ஆள் முன் வரிசையிலேயே இருந்தான். அவனும் பார்த்தான். கழுவுவதற்காக அவள் திரைக்குப் பின்னால் போனாள். நேரமானது. முன் வரிசையில் சுந்தரவேலு வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

வந்தாள். கத்தியை நீட்டினாள். கையில் வாங்கியதுமே கனம் சொல்லிவிட்டது. மெய்க் கத்தி.

அவள் முகத்தைப் பார்த்தேன். "தள்ளிராதீக" என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பத்து நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

தலையைச் சாய்த்தேன். மேல் வாசல் திறந்தது. இதயம் விரலில் அடித்தது. அதைத் தாண்டி, அந்த இடம். நின்றது.

கத்தியில் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. மீதி வெளியே நின்றது. காத்திருந்தேன். திறக்கவில்லை. ஒரு விரல் கனம் கொடுத்தால் போதும், போயிருக்கும். மண்டபமே எழுந்து கைதட்டியிருக்கும். என் பெயர் நிலைத்திருக்கும். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தலை சாய்ந்திருந்ததால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் துணியைப் பிரிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

உருவிவிட்டேன்.

"என்ன பெருசு, வழியில டிராபிக் ஜாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட என்னால் முடியாது.

மூட்டையிலிருந்து அந்த இன்னொன்றை எடுத்தேன். சுந்தரவேலுவைப் பார்த்தேன். அவன் தொழில் ரகசியம் அது, வெளியே போனால் அவனுக்கும் நஷ்டம். புரிந்துகொண்டான். கொஞ்சம் யோசித்தான். தலையை அசைத்தான்.

வாயில் வைத்தேன். கைப்பிடி வரைக்கும் போனது. மண்டபம் அதிர்ந்தது. விசில் கூட அடித்தார்கள். வெளியே எடுத்து, எல்லார் கண் முன்னாலும் நுனியை மேஜையில் வைத்து அழுத்தினேன். தகடு மடங்கி உள்ளே போனது. கைதட்டு அப்படியே நின்றது.

"இதுக்குத்தான் கை தட்டுனீங்க. இது என்னைக்கும் இறங்கும். நல்ல தொண்டையிலயும் இறங்கும், கெட்ட தொண்டையிலயும் இறங்கும். நான் செத்துக் கிடந்தாலும் என் வாயில இறங்கும். முதல்ல வச்ச கத்தி இன்னைக்கு இறங்கல. ஏன்னா அது மெய்யான கத்தி. உள்ள இடமில்லைன்னா நிக்கும். மடக்குக் கத்தின்னு இனி எவனாவது சொல்லுங்க, பாப்போம்."

சீனியம்மாள் மெய்க் கத்தியைத் துடைத்தாள். துணியை மடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முறை முறைதான். இரண்டு கையாலும் பிடித்து, மேடையின் முனைக்கு வந்து, சபைக்கு விரித்துக் காட்டினாள்.

துரு என்று யாரும் நினைக்கவில்லை.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சுந்தரவேலு மேடையேறி, மைக்கில்லாமலே, "மடங்காத கத்தி, மடங்காத ஆளு" என்று கத்தினான். மேடைப் பேச்சு பேசாமல் அவனால் இருக்க முடியாது. அழுதுகொண்டே கத்தியதால் விட்டுவிட்டேன்.

வண்டியில் வரும்போது அவளிடம் கேட்டேன். "மாத்திக் குடுக்கத்தானே போன? ஏன் மாத்தல?"

"மாத்திக் குடுத்திருந்தா உயிருக்குப் பயம் இருந்திருக்காது. ஆனா என்னைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டீக" என்றாள். கொஞ்சம் கழித்து, "தள்ள மாட்டீகன்னு ஒரு நம்பிக்கைதான். நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றாள்.

"நாளைக்கு முடியாது" என்றேன். "வியாழக்கிழமை."

பிப்ரவரி 12, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் வரச் சொல்லிவிட்டு மத்தியானம் ஆக்குகிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நர்ஸ் மூன்று தடவை சொல்லிவிட்டாள். தொழிலுக்குப் போகும் நாளெல்லாம் நான் வெறும் வயிறுதான், அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே. விளக்கு வைத்த குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்ப்பார்களாம். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்போம் என்கிறார்கள். என் தொண்டைக்கு. மருந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கார் கொண்டுவந்த சுந்தரவேலு வாசலில் இருக்கிறான். ஜெயசிங் போன் போட்டான். அடுத்த வருஷ அழைப்பிதழில் எனக்குத் தனித் தலைப்பாம். என்ன போட என்று கேட்டான். கத்தி என்று போடு, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சொல்லும் வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் என்று அவன் சொன்னபோது சீனியம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி?

என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கருப்பையா என்று கூப்பிடுகிறார்கள். முதலில் அதைத் திருத்த வேண்டும்.

நின்றபடியே இதையும் எழுதிவிடுகிறேன். எழுந்தபோது அவளும் எழுந்தாள். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து வைத்துக்கொண்டாள். துவைத்து, நீலம் போட்டு, பெட்டி போட்ட துணி.

"இது எதுக்கு இங்க?" என்றேன்.

"உள்ள போறது எதுவா இருந்தா என்ன?" என்றாள். "வெளிய வாறப்ப துடைக்க நான் நிக்க வேணாமா?"